மடக்கி வைக்கமாட்டேன்

நாத்தனார் மகள் பெரியவளாகிவிட்டாள். சடங்கு எங்கள் வீட்டு வாசலில் என்று முடிவாயிற்று. பத்திரிகை அடிப்பதற்கு முன்பே மதினி போன் செய்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ஏளா, போர்டிகோவுல ஒரு மேசை கெடக்கே, அத மட்டும் எடுத்துரு. நாலு பேரு வந்து போற எடம்."

எடுக்கவில்லை. அது கிட்டத்தட்ட நூறு கிலோ. ஒற்றை ஆளாக எடுக்க முடியாது என்பது பாதிக் காரணம். யாரும் சுலபத்தில் எடுத்துவிடக் கூடாது என்று திட்டம் போட்டுத்தான் அதை அவ்வளவு கனமாகச் செய்தேன் என்பது மீதிப் பாதி. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அதே போர்டிகோவில் என் மாமனாரின் ஸ்கூட்டர் நிற்கிறது. ஒன்பது வருடமாக அது ஓடவில்லை. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. சடங்குக்கு அதை எடுக்கச் சொல்லி யாரும் போன் செய்யவில்லை.

பெண்கள் புழங்குகிற கருவிகளை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பாருங்கள். அரிவாள்மணையை மடக்கிக் கதவிடுக்கில் சொருகுகிறோம். தையல் மெஷினின் தலையைக் கவிழ்த்து, மூடி, மேலே ஒரு பூப்போட்ட துணியை விரித்து, அதன்மேல் போட்டோவை வைக்கிறோம். சுளவு ஆணியில் தொங்குகிறது. கோலமாவு டப்பா திண்ணை மூலையில். எல்லாவற்றுக்கும் ஒரு விதிதான்: வேலை நடந்த தடம் தெரியக் கூடாது. விருந்தாளி உள்ளே வரும்போது, இந்த வீட்டில் சோறும் சட்டையும் தானாக முளைத்தவை போலத் தோன்ற வேண்டும்.

என் அம்மா ஆலங்குளம் பக்கத்துக்காரி. முப்பது வருடம் பீடி சுற்றினாள். அந்தப் பக்கத்தில் பீடி சுற்றாத பெண் இருக்கும் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊற வைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இத்தனை வேலைக்கும் அவளுடைய மேசை எது? மடி. மடியில் ஒரு சுளவு, சுளவில் இலையும் தூளும் கத்தரியும். மடி ஏன் வசதி என்றால், யாராவது கூப்பிட்டதும் சுளவைத் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம். கஞ்சி வைக்க எழுந்துவிடலாம், பிள்ளை அழுதால் எழுந்துவிடலாம், ஆம்பிளை வந்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். முப்பது வருடம் குனிந்த கழுத்து இப்போது நிமிர மறுக்கிறது. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். ஆனாலும் ஊரில் கேட்டால், அம்மா "வீட்டுல சும்மாதான் இருந்தா". மடியில் நடந்த வேலை யார் கண்ணுக்கும் வேலையாகத் தெரியவில்லை.

வர்ஜீனியா வுல்ப் 1929இல் பெண்ணுக்குப் பூட்டு உள்ள ஓர் அறை கேட்டார். எழுதுகிறவருக்கு அது சரி. எனக்கு அறை வேண்டாம், பூட்டும் வேண்டாம். வாசலில் வேண்டும். நாலு பேர் வந்து போகிற இடத்தில், என் வேலை முடியாத நிலையில், சுருள் சுருளாகச் சீவல் சிந்திக் கிடக்க, அப்படியே இருக்க வேண்டும். முடியாத வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்வது ஆண்கள் வெகு இயல்பாக அனுபவிக்கிற ஒன்று. அதைச் சுகம் என்று அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தச்சு மேசை செய்யலாம் என்று முடிவு செய்ததும் படங்கள் பார்த்தேன். செய்து காட்டுகிறவர்கள் அனைவரும் ஆண்கள், அதிலும் ஆறடி ஆண்கள். உயரம் 34 அங்குலம் என்றார்கள். சரி என்று இரண்டு முக்காலி மேல் பிளைவுட் பலகையைப் போட்டு, அடியில் செங்கல் வைத்து, 34 அங்குலத்துக்கு ஏற்றி, ஒரு வேப்பம்பலகையை இழைக்கத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலாயின. இழைப்புளி பலகைமேல் வழுக்கி ஓடியது, சீவல் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கணவரின் நண்பர் அன்பாகத்தான் சொன்னார். "தச்சு வேலைக்குத் தோள்ல பலம் வேணும் சிஸ்டர். பொம்பளைங்க ஒடம்புக்கு இது ஒத்துவராது."

இரண்டு மாதம் நான் அதை நம்பினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பெண்ணியம் படித்து, கூட்டங்களில் பேசி, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் இழைப்புளியைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன்.

எங்கள் தெருவுக்கு நிலை, கதவு எல்லாம் செய்து கொடுத்த ஆசாரி அண்ணன் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். நம் ஊர்த் தச்சர்களில் பலரைப் போலத் தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் பெருவிரலாலும் பாதத்தாலும் பிடித்துக்கொண்டு இழைக்கக் கற்றவர். பிறகு பல வருடம் பட்டறையில் நின்று வேலை பார்த்தவர். அவரிடம் போய் "எனக்குத் தோள்ல பலம் இல்ல அண்ணே" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார். "தோளாலயா தள்ளுதீங்க? யாரு சொன்னா? கையைத் தொங்கப் போடுங்கம்மா."

தொங்கப் போட்டேன். விரல் முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தார். 28 அங்குலம். நான் ஐந்தடி உயரம். "இதான் ஒங்க மேசை" என்றார்.

இதை விளக்க வேண்டும், ஏனென்றால் என் கோபத்துக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது. இழைப்புளி மரத்தைச் சீவ இரண்டு விசை வேண்டும்: கீழ்நோக்கிய அழுத்தமும் முன்னோக்கிய தள்ளலும். மேசை தாழ்வாக இருந்தால் உடம்பின் எடை தானாகக் கருவியின் மேல் இறங்கும். பின்னங்காலை ஊன்றி இடுப்பை முன்னே கொண்டுபோனால் தள்ளல் காலிலிருந்து வரும். கை வெறுமனே திசை காட்டினால் போதும். மேசை உயர்ந்துவிட்டால் எடை இறங்காது, காலுக்கு வேலை இல்லை, எல்லாமே தோளுக்கும் முழங்கைக்கும் வந்து சேரும். ஆறடி ஆண் ஒருவனை அவன் நெஞ்சு உயர மேசையில் இழைக்கச் சொல்லுங்கள். அவனுக்கும் தோள் கழலும். அப்போது "ஆம்பிளை ஒடம்புக்கு இது ஒத்துவராது" என்று யாராவது சொல்வார்களா? மேசையைத்தானே குறை சொல்வார்கள்?

என் பலவீனம் என்று எல்லோரும் சொன்னது ஆறு அங்குலம். 34இலிருந்து 28ஐக் கழித்தால் வருகிற ஆறு. இனி யாராவது இயற்கை, உடல்கூறு என்று ஆரம்பித்தால் டேப் எடுத்துவரச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பெண்ணின் உடம்பைக் கருவிக்கு ஆகாதது என்று ஒதுக்குவது தனிப்பட்ட நண்பர்களின் பேச்சோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ கூடாது என்று பெண்களையும் இளம் வயதினரையும் ஒரே வாக்கியத்தில் விலக்கியது. பாதுகாப்புதானே என்பார்கள். ஓடுகிற இயந்திரம் ஆண் கையையும்தான் இழுக்கும். பாதுகாப்பு என்றால் எல்லோர் கையையும் காப்பாற்று. பெண்ணை மட்டும் அறியாப் பிள்ளையோடு சேர்த்து ஓரமாக நிறுத்தாதே. நான் படித்த பள்ளியில் தொழிற்கல்வி வகுப்பு வந்தால் பையன்கள் ஷெட்டுக்குப் போவார்கள், நாங்கள் கைக்குட்டையில் பூத்தையல் போடுவோம். எட்டு வயதில் அரிவாள்மணையில் உட்கார வைத்து மீன் ஆயச் சொன்ன உலகம், பன்னிரண்டு வயதில் உளியைக் கண்டு "கையக் கிழிச்சிரும்" என்று பதறுகிறது. அரிவாள்மணை கிழிக்காதா? ஒரு காலால் மணையை அழுத்திக்கொண்டு, மேல்நோக்கி நிற்கும் கத்தியை நோக்கி இரண்டு கையையும் கொண்டுபோகிற வேலை அது. உளியில் விதி ஒன்றுதான், பிடிக்கிற கை எப்போதும் வெட்டு வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டில் எது ஆபத்து என்று இரண்டையும் பிடித்தவளாகச் சொல்கிறேன்: அரிவாள்மணை.

கட்டடங்களில் பாருங்கள். பதினேழு வயதில் சித்தாளாகக் கலவை சுமக்க வந்த பையன் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறான். அதே நாளில் வந்த பெண் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். தலையில் அவள் தூக்குகிற சட்டி கரண்டியைவிடக் கனம். பலத்தைப் பற்றிய பேச்சு எல்லாம் கூலி உயர்கிற படியில்தான் வருகிறது. சுமக்கிற படியில் வருவதே இல்லை.

மேசைக்கு வருகிறேன். சீட்டு எடுத்த பணம் 31,000 ரூபாய் கையில் இருந்தது. "அதுக்கு மூணு கிராம் எடுத்திருக்கலாமே" என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறார். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய தேக்கு உத்தரங்கள் வாங்கினேன். பழைய மரம் பல வருடம் காய்ந்தது, இனிமேல் அதிகம் முறுக்காது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். ஆணி இருந்தால் மரம் அறுக்கிற மில்லில் வாளைத் தொடவிட மாட்டார்கள், பல் போய்விடும். காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அது எங்கே இழுக்கிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு, குறட்டால் பிடுங்கினேன். இரண்டு நாள் போயிற்று. செங்கோட்டை மில்லில், "வீட்டுல ஆம்பிளை வரலியா?" என்று கேட்டார்கள். ஆணி எல்லாம் எடுத்தாயிற்றா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

மேல்பலகை ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனம். ஆறு அங்குல அகலக் கட்டைகள் நான்கை விளிம்போடு விளிம்பு ஒட்டியது. ஒட்டும் முன் ஒவ்வொரு விளிம்பையும் நேராக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்தி, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் திரும்ப இழைக்க வேண்டும். எனக்கு முதல் விளிம்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. நான்காவதற்கு அரை மணி. கால்கள் நாலுக்கு நாலு. கால்களை இணைக்கும் சட்டங்களில் நாக்கு விட்டு, காலில் துளை பொளிந்து, அடித்து இறக்கி, ஆப்பு வைத்தேன். திருகாணி மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் ஆட்டம் கொடுக்கும். இழைக்கிறபோது மேசை முன்னும் பின்னும் அசைந்தால் நாம் தள்ளுகிற விசையில் பாதியை அது தின்றுவிடும். கனம் எதற்கு என்றால் இதற்குத்தான். மேல்பலகையைச் சட்டத்தோடு பிணைக்கிற இடத்தில் மட்டும் திருகாணித் துளையை அகலவாக்கில் நீட்டி விட வேண்டும். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். இடம் கொடுக்காமல் இறுக்கினால் வெடிக்கும்.

எல்லாம் முடிந்து நிறுத்தினால், ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றது. மூலைவிட்டம் இரண்டும் சரி, மூலைமட்டமும் சரி. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: போர்டிகோவின் தரையே மழைநீர் வடிய வாட்டம் விட்டுப் போட்டது. நான்கு காலும் ஒரே நீளம் என்றால் இந்தத் தரையில் ஆடத்தான் செய்யும். அடியில் ஆப்பு வைத்து மேசையை மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு துண்டுக் கட்டையைத் தரையோடு வைத்து, அதன் மேல் விளிம்பில் பென்சிலை ஓட்டி, நான்கு காலிலும் கோடு போட்டு அறுத்தேன். இப்போது அந்த மேசை இந்த வாசலில் மட்டும்தான் ஆடாமல் நிற்கும். மதினிக்கு இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

இடது ஓரத்தில் ஒன்பது அங்குல வைஸ். அதன் இரும்புத் தாடைகளுக்கு உள்ளே மரப்பலகை பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்கிற மரத்தில் தழும்பு விழும். மேல்பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் சில. அவற்றில் முளை அடித்து அதில் பலகையை முட்டவிட்டால் இழைக்கும்போது நகராது. கீழ்த்தட்டில் கருவிகள்: இழைப்புளி இரண்டு, உளி நான்கு, கொட்டாப்புளி, வாள் இரண்டு, எண்ணெய்க்கல். பெண்களுக்கென்று ரோஸ் நிறப் பெட்டியில் கருவித் தொகுப்பு விற்கிறார்கள், பொம்மைச் சுத்தியலும் திருப்புளியும். பரிசாக ஒன்று வந்தது. அந்தச் சுத்தியல் மூன்றாவது ஆணியில் கழுத்து முறிந்தது.

இனி, எனக்கு எதிராக என் தோழிகளே சொன்ன இரண்டு விஷயங்கள். முதலாவது: "இது வசதியுள்ள வீட்டுப் பொழுதுபோக்கு. ஆசாரிக்கு அது பிழைப்பு. சாதியால் அவர்மேல் சுமத்தப்பட்ட தொழிலை நீ ஆசைக்கு எடுத்துக்கொள்கிறாய்." இதில் உண்மை இருக்கிறது, தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அந்தத் தொழிலுக்குள் பெண் எங்கே இருந்தாள் என்றும் கேட்க வேண்டும். நம் மொழியையே பாருங்கள். தட்டாத்தி என்றால் நகை செய்கிறவள் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. தட்டார் வீட்டுப் பெண். ஆசாரிச்சியும் அப்படியே. தொழில் அவனுக்கு, சாதி மட்டும் அவளுக்கு. ஆசாரி அண்ணனின் மனைவி நாற்பது வருடம் உப்புத்தாள் தேய்த்திருக்கிறார், பாலிஷ் போட்டிருக்கிறார். அக்காவிடம் கேட்டேன், இழைத்ததுண்டா என்று. "சத்தத்த வச்சே சொல்லிருவேன், நாருக்கு எதுக்கப் போறாகளா, ஒத்துப் போறாகளான்னு. ஆனா தள்ளுனது இல்ல தாயி." எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

மத்திய அரசு 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சு உட்பட 18 தொழில்கள், கருவி வாங்க 15,000 ரூபாய். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது, மறுத்தது சரியே. ஆனால் அதே திட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்ததுதான் குடும்பம். அந்த ஒருவர் யார் என்று எழுதவேண்டிய தேவையே இல்லை. சாதியைப் பற்றி நடந்த விவாதத்தைக் கவனித்துப் படித்தேன். இந்த வரியைப் பற்றி ஒருவர்கூடக் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே நார் சொல்கிற அக்காவுக்கு உளி வாங்கிக்கொடுக்கும் திட்டம் அதில் இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. "ஏற்கெனவே வீட்டு வேலை முதுகை ஒடிக்கிறது. தச்சும் கற்றுக்கொண்டால் அதுவும் சம்பளமில்லாத வீட்டு வேலையாகிவிடும்." பயந்தது போலவே நடந்தது. மேசை நின்ற முதல் வாரமே பட்டியல் வந்தது: செருப்பு ஸ்டாண்டு, பூஜை அலமாரி, மாமனாருக்குப் பேப்பர் வைக்க ஒரு தட்டு. மேசை வேண்டாம் என்றவர்கள்தான் எல்லோரும். நான் விலை சொன்னேன். மரத்தின் விலையும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கூலியும். வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றது. செருப்பு ஸ்டாண்டு இன்றுவரை இல்லை. செருப்புகள் படியில் கிடக்கின்றன.

முதலில் செய்தது அம்மாவுக்கு. அவள் இன்னும் கொஞ்சம் பீடி சுற்றுகிறாள், விட மாட்டேன் என்கிறாள். உட்கார ஒரு சாய்வு முக்காலியும், முன்னால் சுளவு வைக்க முழங்கை உயரத்தில் ஒரு மேசையும் செய்தேன். ஒரு வாரம் அதில் உட்காரவே இல்லை. "மேசையில வச்சா ஆபீசு மாதிரி இருக்கு, கூச்சமா இருக்கு" என்றாள். பிறகு உட்கார்ந்தாள். மேசையை மடக்க முடியுமா என்றும் கேட்டாள். முடியாது என்றேன்.

சடங்கு நடந்தது. பந்தல்காரர் மேசையைச் சுற்றி ஒரு கால் கூடுதலாக நட்டார், அவ்வளவுதான். சீர்த்தட்டுகளில் நான்கை அதன் மேலேயே வைத்தார்கள். மூன்று அங்குலத் தேக்கு, தாங்கியது. அலங்காரம் எல்லாம் கலைந்த மறுநாள் அந்தப் பெண் வந்து வைஸின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யணும் என்றேன். கொட்டாப்புளி என்றாள், சுத்தியலைவிட அதன் சத்தம் பிடித்திருக்கிறதாம். அவளுக்கு 28 அங்குலமும் உயரம்தான். நின்றுகொள்ளக் காலடியில் ஒரு பலகை அறுக்க அளவு எடுத்து வைத்திருக்கிறோம். மதினி இன்னும் சரி சொல்லவில்லை.